சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

மதுரையில் எந்த மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாலும் உறையின் மேல் இரண்டில் ஒன்றைத்தான் குறித்துத் தருவார்கள்: சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பாட்டுக்குப் பின். எத்தனை நிமிடம் முன்பு, எந்தச் சாப்பாட்டுக்குப் பின்பு, தவறினால் என்ன இழப்பு என்பதற்கெல்லாம் உறையில் இடமில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை. அவரிடம் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகிவிடும். ஒரு பன்னையாவது டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் போடு என்பது அந்த விதி. கடை விதியும் வீட்டு விதியும் மோதினால் பெரும்பாலும் வீட்டு விதிதான் ஜெயிக்கிறது.

பெரும்பாலான மருந்துகளில் இந்த மோதலால் சேதம் ஒன்றுமில்லை. சிலவற்றில் உண்டு. அவற்றில் நமக்கு மிக நெருக்கமானது காசநோய் மாத்திரை. ஆறு மாதம், நாள் தவறாமல் விழுங்க வேண்டியது. மருந்து போதாமல் போனால் கிருமி தப்பிப் பிழைத்து மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடியது. உணவு அந்த மாத்திரையை என்ன செய்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் நம் ஊர்க்காரர்களே. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மதுரையிலும் கிளை உண்டு. ஊருக்குத் தெற்கே தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆகவே இங்கே எடை போடவேண்டிய கேள்வி ஒன்றுதான்: காசநோயாளியை வெறும் வயிற்றில்தான் மாத்திரை விழுங்கவேண்டும் என்று வற்புறுத்துவது நியாயமா?

முதலில் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான மாத்திரைகள் ரத்தத்தில் கலப்பது இரைப்பையில் அல்ல, சிறுகுடலில். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போன மாத்திரை சீக்கிரம் குடலுக்கு இறங்கிவிடும். சாப்பாடு நிறைந்த வயிற்றில் அது மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். எண்ணெயும் நெய்யும் கூடக்கூடக் காத்திருப்பும் கூடும். இந்தத் தாமதத்தால் விளைவது மருந்துக்கு மருந்து மாறுகிறது. சில மருந்துகள் தாமதமாகவேனும் முழுதாக வந்து சேர்ந்துவிடும். சில, அமிலத்தில் நெடுநேரம் கிடந்து சிதையும். சில, பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு குடலைத் தாண்டாமலே வெளியேறும். சிலவற்றுக்குக் கொழுப்பும் பித்தநீரும் இருந்தால்தான் கரைய வழி பிறக்கும்.

எனவே உணவின் விளைவை எடைபோடும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும்: ரத்தத்தில் சேரும் மருந்தின் மொத்த அளவு குறைகிறதா, அல்லது உச்சத்தைத் தொடும் வேகம் மட்டும் குறைகிறதா? தலைவலி மாத்திரையில் வேகம் குறைந்தால் வலி தீர நேரமாகும், அவ்வளவுதான். தைராய்டு மாத்திரையில் மொத்த அளவு குறைந்தால் மாதக்கணக்கில் சோர்வும் எடையும் ஏறும். உறையில் உள்ள ‘முன், பின்’ இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு: எந்தச் சாப்பாடு? மருந்து நிறுவனங்கள் தரும் ‘உணவோடு எடுத்தால் இவ்வளவு கூடும், இவ்வளவு குறையும்’ என்ற எண்களில் பெரும்பகுதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த சோதனை உணவை வைத்து வந்தவை. வெண்ணெயில் பொரித்த 2 முட்டை, பன்றிக்கறித் துண்டு 2, வெண்ணெய் தடவிய ரொட்டி 2, பொரித்த உருளைக்கிழங்கு, முழுக்கொழுப்புப் பால் ஒரு குவளை. மொத்தம் 800 முதல் 1000 கலோரி. அதில் பாதி கொழுப்பிலிருந்து. உணவால் நேரக்கூடிய மிகப் பெரிய மாற்றத்தைப் பிடிப்பதற்காகவே அப்படி வகுத்திருக்கிறார்கள். அந்த நோக்கத்துக்கு அது சரி. ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்து மேலூரில் கேப்பைக் கூழ் குடிப்பவருக்கும் சிம்மக்கல்லில் 2 இட்லி சாப்பிடுபவருக்கும் பொருத்துவது சரியல்ல. மதுரையில் அந்தச் சோதனைத் தட்டுக்கு உறவு தேடினால் அது ராத்திரி 11 மணிக்கு முட்டைப் பரோட்டாவும் சால்னாவும் கறி தோசையும் பரிமாறும் கடையில்தான் கிடைக்கும். ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்ற இரண்டு சொல்லுக்குள் கூழும் கறி தோசையும் ஒன்றாக அடங்கிவிடுவது இந்த விதியின் முதல் பலவீனம்.

காசநோய் மாத்திரைக்குப் போகுமுன் சில பழகிய மருந்துகளை நிறுத்துப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகும்.

வலி மாத்திரையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வீட்டு விதி பிறந்தது அங்கேதான். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை வயிற்றைப் புண்ணாக்குவது உண்மை. ஆனால் முக்கியக் காரணம் மாத்திரை வயிற்றுச் சுவரில் உரசுவது அல்ல; ரத்தத்தில் கலந்தபின் வயிற்றின் உட்படலத்தைக் காக்கும் சுரப்பை அது தடுத்துவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும் அந்த ஆபத்து இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் அப்போதைய எரிச்சல் குறையலாம். மாதக்கணக்கில் தின்பவருக்கு அந்தச் சாப்பாடு கவசமாகாது. வீட்டு விதி தன் சொந்த ஊரிலேயே பாதிதான் செல்லுபடியாகிறது. அதை எல்லா மாத்திரைக்கும் நீட்டியதுதான் பிழை.

தைராக்சின் எதிர்முனை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும். எழுந்ததும் காப்பி குடிக்கும் பழக்கமுள்ள வீட்டில் இந்த விதிதான் அதிகம் உடைகிறது. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று கேட்டவர் காப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் காப்பியும் உறிஞ்சலைக் குறைக்கும். சிப்ரோஃப்ளாக்சசினை ஒரு குவளை பாலோடோ தயிரோடோ விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வயிற்றுக் கடுப்புக்கு அந்த மாத்திரையும் குளிர்ச்சிக்கு மோரும் சேர்த்துக் கொடுப்பது நம் வீடுகளில் இயல்பு. நேர்மாறாக, ஆல்பெண்டசோல் கொழுப்பான உணவோடு போனால் ரத்தத்தில் 5 மடங்கு வரை கூடுதலாகச் சேர்கிறது. குடற்புழுவுக்கு அது தேவையில்லை, புழு குடலிலேயே இருக்கிறது. மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்புழுப் பைக்கு அதுவே தேவை. ஒரே மாத்திரை, இரண்டு நோய், இரண்டு விதி.

இந்த வரிசையில் மிகவும் கற்றுத்தருவது மெட்ஃபார்மின். 850 மில்லிகிராம் மாத்திரையை உணவோடு எடுத்தால் ரத்தத்தில் உச்ச அளவு சுமார் 40 விழுக்காடும் மொத்த அளவு சுமார் 25 விழுக்காடும் குறைகின்றன. இருந்தும் உலகெங்கும் உணவோடுதான் எடுக்கச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் பேதியும் வந்து, நோயாளி மாத்திரையையே நிறுத்திவிடுவார். கால் பங்கு மருந்தை இழந்து முக்கால் பங்கை உறுதிசெய்வது தெரிந்தே செய்யும் பேரம். அந்தப் பேரம் செல்லக் காரணம், இழப்பைச் சர்க்கரைப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும் என்பது. போதாவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். காசநோயில் இந்த வசதி இல்லை. காசநோய் மாத்திரையின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் எவ்வளவு என்று வழக்கமான சிகிச்சையில் யாரும் அளப்பதில்லை. குறைபாடு இருந்தால் அது தெரியவருவது மாதங்கள் கழித்து, சளியில் கிருமி மீண்டும் தென்படும்போது. மெட்ஃபார்மினுக்குப் பொருந்தும் சலுகையை ரிஃபாம்பிசினுக்கு அப்படியே நீட்டமுடியாததற்கு இதுவே காரணம்.

இனி வெறும் வயிற்றின் பக்கத்துச் சான்றுகள். உணவு ரிஃபாம்பிசினைக் குறைக்கிறது என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. 1983இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு, இந்திய உணவோடு எடுத்தபோது ரத்தத்தில் சேரும் மொத்த அளவு சுமார் கால் பங்கு குறைவதைக் காட்டியது. 2017இல் சென்னை நிறுவனத்தார் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 25 பேரிடம் வெறும் வயிற்றிலும் உணவோடும் அளந்து வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. உணவோடு எடுத்தபோது உச்ச அளவு ரிஃபாம்பிசினில் 50, அதோடு சேர்த்துத் தரப்படும் ஐசோனியசிட்டில் 45, பைராசினமைடில் 34 விழுக்காடு சரிந்தது. உச்சத்தைத் தொடவும் நேரம் கூடுதலாக ஆனது.

இதற்கான காரணங்களும் தெளிவானவை. ரிஃபாம்பிசின் நன்றாகக் கரைவது கடும் அமிலத்தில். சாப்பாடு அந்த அமிலத்தின் கடுமையைத் தணித்துவிடுகிறது. 2017 முதல் அரசுத் திட்டத்தில் நாள்தோறும் தரப்படும் கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசின் 150, ஐசோனியசிட் 75, பைராசினமைட் 400, எத்தம்பியூட்டால் 275 மில்லிகிராம் ஒன்றாக இருக்கின்றன. அமிலத்தில் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கொஞ்சம் வீணாகும் என்பது வேதியியலார் நிறுவிய செய்தி. வயிற்றில் அவை சேர்ந்து கிடக்கும் நேரத்தைக் கூட்டினால் அந்த வீணுக்கும் இடம் கூடுகிறது. அதோடு, இந்தியக் காசநோயாளிகளில் பெரும்பாலோரிடம் ரிஃபாம்பிசின் உச்சம் பரிந்துரைக்கப்படும் அளவுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதும் அதே சென்னை நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. ஏற்கெனவே குறைவாக இருப்பதில் பாதியை இழப்பது சிறிய விஷயமல்ல.

இந்தச் சான்று வலுவானது. ஆனால் அதன் எல்லைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, 25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை; ஒரே மருந்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே மிகப் பெரிது. இரண்டாவது, அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில் கொழுப்பான உணவு ரிஃபாம்பிசின் உச்சத்தை 36 விழுக்காடு குறைத்தது. மொத்த அளவையோ வெறும் 6 விழுக்காடுதான். உச்சம் தள்ளிப்போகும் மருந்தில் ரத்தம் எடுப்பதை எந்த மணியில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் மொத்தக் கணக்கு மாறும். காசநோய்க் கிருமியைக் கொல்வதில் உச்சத்தைவிட மொத்த அளவுதான் முக்கியம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மருந்துக்கு அடங்காமை உருவாவதைத் தடுக்க உச்சமும் வேண்டும் என்பதும் கருத்து. மூன்றாவதுதான் முக்கியமானது: இவை எல்லாமே ரத்தத்தை அளந்தவை, குணமடைந்தவரை எண்ணியவை அல்ல. வெறும் வயிற்றில் விழுங்கியவர்கள் உணவோடு விழுங்கியவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டும் தராசு இன்னும் நம் கையில் இல்லை.

எதிர்த்தட்டில் நிற்பது குமட்டல். ஆளின் எடைக்கேற்ப 2 முதல் 5, 6 பெரிய மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்கவேண்டும். வெறும் வயிற்றில் அது பலருக்குக் குடலைப் புரட்டுகிறது. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும் பெண்ணுக்கோ, கல் குவாரியில் வேலை பார்ப்பவருக்கோ அந்தக் குமட்டலோடு ஒரு நாள் கூலியை ஈட்டவேண்டியிருக்கிறது. 10 நாள் பொறுப்பார். பிறகு ஒரு நாள் விடுவார். பிறகு ஒரு வாரம். உணவோடு விழுங்கிய மாத்திரை உச்சத்தில் பாதியை இழக்கலாம். விழுங்காத மாத்திரை முழுவதையும் இழக்கிறது. மாத்திரையைத் தொடர்ந்து எடுக்காததே காசநோய் சிகிச்சை தோற்பதற்கான பெரிய வழி என்பதை அந்த நிறுவனத்தின் முன்னோடியாக 1956இல் தொடங்கிய சென்னை மையத்தின் முதல் ஆய்வுகளே எடுத்துக்காட்டின. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், நல்ல சாப்பாடு கிடைக்கும் சானடோரியத்தில் படுக்கவைக்கத் தேவையில்லை என்று 1959இல் உலகுக்கு நிறுவிய அதே மையம், வீட்டில் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்ற கவலையையும் உடன் எழுப்பியது.

அந்த 1959 முடிவைப் படித்தவர்கள் நெடுங்காலம் சாப்பாட்டை ஒதுக்கியே வைத்தார்கள். மருந்து போதும், உணவு இரண்டாம்பட்சம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அதைத் திருத்தியது. உணவுப்பொருள் கொடுத்துக் கவனித்த நோயாளிகளில், முதல் 2 மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து 61 விழுக்காடு குறைந்திருந்தது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கடும் மெலிவையும் ஆபத்து அறிகுறியாக எண்ணி நோயாளிகளைத் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கிறது. ஒன்றிய அரசின் மாத ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் ரூ.500இலிருந்து ரூ.1000 ஆனது. ஆக, மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் அதே சாப்பாடுதான் நோயாளியின் உயிரையும் காக்கிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒன்று சாப்பிடும் நேரத்தைப் பற்றியது, மற்றது சாப்பிடும் அளவைப் பற்றியது. ஆனால் மெலிந்த உடம்புக்காரரிடம் ‘வெறும் வயிற்றோடு இரு’ என்பதை மட்டும் சொல்லிவிட்டு ‘ஒரு மணி நேரம் கழித்து வயிறாரச் சாப்பிடு’ என்பதைச் சொல்லாமல் விட்டால், விதி நோயாளிக்கே எதிராகத் திரும்பும்.

நீரிழிவு உள்ளவரிடம் சிக்கல் இரட்டிக்கிறது. தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில் 25 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அப்படிப்பட்டவர் கையில் இரண்டு உறைகள்: ஒன்று முன், ஒன்று பின். இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுக் காசநோய் மாத்திரைக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். மாத்திரை முதலில், காத்திருப்பு அடுத்து, ஊசியும் உணவும் அதன்பின் என்ற வரிசையை யாராவது உட்காரவைத்துச் சொன்னால்தான் உண்டு. நீரிழிவுள்ள காசநோயாளிகளிடம் ஐசோனியசிட், பைராசினமைட் ரத்த அளவு குறைவாக இருப்பதைச் சென்னை நிறுவனம் கண்டிருக்கிறது. வெறும் வயிறு யாருக்கு மிகக் கடினமோ அவருக்கே அது மிகத் தேவை.

உணவு எப்போதும் மருந்துக்கு எதிரியா என்றால் இல்லை. ஒரே மருந்தைத் தேனில், நெய்யில், வெந்நீரில் என்று நோய்க்கேற்ற அனுபானத்தில் கொடுப்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. அந்த எண்ணத்தின் நவீன வடிவம் ஒன்றும் வந்தது: மிளகிலுள்ள பைப்பரினை 10 மில்லிகிராம் சேர்த்தால் 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் போதும் என்று ஜம்முவிலுள்ள அரசு ஆய்வகமும் காடிலா மருந்து நிறுவனமும் சேர்ந்து 2009இல் ஒரு மாத்திரையைக் கொண்டுவந்தன. அரசுத் திட்டத்தின் கூட்டு மாத்திரையில் பைப்பரின் இடம்பெறவில்லை. இதைக் கேட்டுவிட்டு மிளகு ரசத்தோடு மாத்திரை விழுங்கலாமே என்று கிளம்புவது தவறு. அளந்த 10 மில்லிகிராமும் ரசத்தில் மிதக்கும் மிளகும் ஒன்றல்ல, ரசத்தோடு சோறும் போகிறது.

தட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது. காசநோய் மாத்திரைக்கு வெறும் வயிறே முதல் தேர்வு. ரத்த அளவுச் சான்று ஒரே திசையில் நிற்கிறது. பிழை தாமதமாகத்தான் தெரியும். கடைப்பிடிக்கக் காசு ஆகாது. ஆனால் அதைச் சிகிச்சையின் நிபந்தனையாக்கச் சான்று போதாது. குமட்டலால் மாத்திரை தவறும் நிலை வந்தால் விதிதான் விட்டுக்கொடுக்கவேண்டும். அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வயிறு ஒத்துக்கொள்ளாதபோது மாத்திரையைப் பிரித்துப் பல வேளையாக்குவதையோ வீரியம் குறைந்த மாற்று மருந்துக்குப் போவதையோ விட உணவோடு கொடுப்பது மேல்.

நடைமுறையில் இது படிப்படியாக அமையவேண்டும். எழுந்ததும் டீக்கு முன்பே தண்ணீரோடு எல்லா மாத்திரையும். ஒரு மணி நேரம் கழித்து வயிறாரச் சாப்பாடு. குமட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது. அதுவும் ஆகாவிட்டால் நெய், எண்ணெய் இல்லாத 2 இட்லியோடு. பரோட்டாவோ நெய்ப் பொங்கலோ கூடாது. மூன்றுமே ஆகாவிட்டால், அல்லது வாந்தியோடு கண் மஞ்சளானால், அது வயிற்றின் பிரச்சினை அல்ல, கல்லீரலாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். ரிஃபாம்பிசின் சிறுநீரை எப்படியும் ஆரஞ்சு நிறமாக்கும் என்பதால் சிறுநீரின் நிறத்தை மட்டும் நம்பமுடியாது.

பொதுவான தீர்ப்பு ‘முன், பின்’ என்ற அந்த இரண்டு கட்டங்களுக்கு எதிரானது. மருந்துக்கு மருந்து வேண்டியது மூன்றே தகவல்: எத்தனை நிமிடம், எந்த உணவு கூடாது, ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்து என்ன. தைராக்சினுக்கு ‘காப்பிக்கும் முன்’ என்றும், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ‘பால், தயிரோடு வேண்டாம்’ என்றும், காசநோய் மாத்திரைக்கு ‘ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடவும், முடியாவிட்டால் இட்லியோடு, ஆனால் விடவேண்டாம்’ என்றும் அச்சடிக்க உறையில் இடம் தாராளமாக இருக்கிறது. மூன்றையும் சொல்லாமல் நோயாளி விதியை மீறுகிறார் என்று குறைகூற மருத்துவருக்கும் கடைக்காரருக்கும் உரிமையில்லை.